சுவரை ஒட்டிய கட்டில்

மேலப்புதூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பரணில் ராத்திரி ஆனால் பாத்திரம் உருள்கிறது, செத்துப்போன வீட்டுக்காரர்தான் வந்து உருட்டுகிறார் என்று தெருவே கூடி நின்றபோது, டார்ச்சை வாங்கிக்கொண்டு ஏறிப் போய் ஒரு பெருச்சாளியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டியவன் நான். அதற்குப் பிறகும் யாராவது இந்த மாதிரி ஒரு கதையை ஆரம்பித்தால் எந்த வருடம், எந்த மாதம், வெளிச்சம் இருந்ததா, கூட யார் இருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டே அவர்களைப் பாதியில் எழுந்து போக வைத்திருக்கிறேன். ஆகவே நீங்கள் என்னிடம் அதே கேள்விகளைக் கேட்டால் எனக்குக் கோபம் வராது. காளயுக்தி வருடம், மார்கழி மாதம், வைகுண்ட ஏகாதசி. காவிரி திருச்சிக்குள் புகுந்த பெரிய வெள்ளத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது மார்கழி. ஆங்கிலக் கணக்கில் 1979 பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இடம் ஸ்ரீரங்கம், சித்திரை வீதியில் ஒரு வீடு. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை, நடந்தது பட்டப்பகலில்.

நான் அப்போது புத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் உதவியாளர் பயிற்சியை முடித்துவிட்டு, வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஊசி மருந்தெல்லாம் எங்கள் கைக்கு வராது. நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவது, வெந்நீரில் உடம்பு துடைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, நாடி பார்ப்பது, பெட்பேன் வைத்து எடுப்பது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி விடுவது, இவைதான் எங்கள் படிப்பு. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அசைய முடியாத ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பிறகு கறுத்து, எலும்பு தெரிகிற அளவுக்குப் புண் வந்துவிடும். அதனால் புரட்டுவதை மட்டும் மாதக்கணக்கில் செய்யவைத்தார்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும், ஒருவர் தள்ளினால் எதிரில் இருப்பவர் தோளையும் இடுப்பையும் தாங்கி இழுக்க வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, மேலே இருக்கும் கைக்கு அடியில் மடித்த துணி. தானாகப் புரண்டு கிடப்பவரையும் பழகிய ஆள் புரட்டிப் படுக்க வைத்தவரையும் வாசலில் நின்றே பிரித்துச் சொல்லிவிடலாம்.

நோயாளியின் பெயர் வரதராஜன். பொன்மலை ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல ஆஜானுபாகு. கார்த்திகை மாதத்தில் ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது, பாதி நினைவும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: விழுங்கும் சக்தி இல்லை, குழாய் வழியாக மட்டும்தான் ஆகாரம், வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, மீறினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

அவர் படுத்திருந்த அறை குறுகலானது. பழைய கருங்காலிக் கட்டில், நான்கு பேர் சேர்ந்தாலும் லேசில் நகராது. அதன் ஒரு நெடும்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தது என்றால் ஒட்டியேதான். நடுவில் விழுந்த ஒரு சீப்பை எடுக்க நான் துடைப்பக் குச்சியை விட்டு ஆட்ட வேண்டியிருந்தது, என் கை போகவில்லை. அவருடைய இடது பக்கம் சுவர், செத்துப்போன வலது பக்கம் அறையைப் பார்த்து. முதல் நாளே அவர் மனைவி கோமளம் மாமியிடம் கேட்டேன்.

"கட்டிலைக் கொஞ்சம் நடுவுல இழுத்துப் போட்டா நல்லதுங்க மாமி. ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும்."

"எங்கேப்பா இழுக்கறது? இந்தண்டை இழுத்தா பீரோ இடிக்கும். திருப்பிப் போட்டா கால் பெருமாள் உள்ளைப் பாத்துண்டு நீளும். அவருக்கு நெனவு இருந்தா ஒத்துப்பாரா, சொல்லு." பூஜை அறையைத்தான் அவர்கள் பெருமாள் உள் என்பார்கள்.

மாமியின் அண்ணன் சடகோபன் கூடத்தில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், தங்கை வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்திருந்தார். "ஒரு வருஷம் படிச்சுட்டு ஆஸ்பத்திரியையே தலையில தூக்கிண்டு வந்துட்டான் இந்தப் பிள்ளை," என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு என்னைப் பிடிக்கும், கிறிஸ்தவனான நான் நடுவீட்டில் புழங்குவதுதான் பிடிக்காது, அவ்வளவுதான். அதனால் நான் ஒற்றை ஆளாக ஒரே பக்கம் நின்று புரட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சைக்கிளில் காவிரிப் பாலம் ஏறும்போது இடுப்பு விட்டுப்போகும்.

அந்த வீட்டில் எல்லோரும் காத்திருந்தது ஒரு விஷயத்துக்கு. வரதராஜன் சாரின் ஒரே மகள் வசந்தா. வடக்கே பிலாயில் இருந்தாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அப்பா அவளிடம் பேச்சை நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன, அவளும் ரோஷக்காரி, வரவில்லை. தந்தி கொடுத்திருந்தார்கள். ரயில் மாறி மாறி ஏகாதசி அன்று சாயங்காலம் வந்து சேர்வாள் என்று பதில் வந்திருந்தது. "அவ மூஞ்சியைப் பாக்காம இவர் போகப்படாது சேவியர். நீ என்ன பண்ணுவியோ," என்று மாமி என்னிடம் சொல்லியிருந்தாள். நான் என்ன பண்ண முடியும். ஆனாலும் அதைக் கேட்ட நாளிலிருந்து உள்ளே நுழைந்ததும் முதலில் அவர் மூச்சைத்தான் கவனித்தேன்.

ஏகாதசி அன்று காலையில் பாலத்திலேயே சைக்கிளை இறங்கித் தள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு கூட்டம். நம்புங்கள், நம்பாமல் போங்கள், வீதியில் மனிதத் தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை, ஏதாவது ஆனால் டாக்டர் கார் இந்தப் பக்கம் திரும்பவே முடியாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. உள்ளே போய் அவரைப் பார்த்ததும் அந்தப் பயம் இரண்டு மடங்காயிற்று. நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மூச்சில் ஈரச் சத்தம். உடம்பில் நீர் கோத்து வலது கையும் தொடையும் பளபளவென்று வீங்கியிருந்தன, விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து, வெகு நேரம் அப்படியே நின்றது. தலையணை வைத்துத் தலையை உயர்த்தினேன். வாயை ஈரத் துணியால் துடைத்தேன். மாமி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள், அவள் மடியில் இருந்தாள், அதாவது குளித்து ஈரப் புடவையை உடுத்திப் பெருமாள் காரியம் முடியும்வரை யாரையும் எதையும் தொடமாட்டாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, திரும்பிக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

சடகோபன் சார் விடியற்காலையில் சொர்க்கவாசல் திறப்பைச் சேவித்துவிட்டு, கோயிலில் இருந்து ஒரு சின்ன வெள்ளிச் செம்பில் தீர்த்தமும் அதை எடுத்துக் கொடுக்கும் உத்தரிணிக் கரண்டியுமாக வந்திருந்தார். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சேவியர், ஒரே ஒரு உத்தரிணி. அவ்வளவுதான்."

"ஒரு சொட்டுகூட வேணாம் சார். அவரால விழுங்க முடியாது. உள்ள போறது நேரா நுரையீரலுக்குப் போயிடும்."

"தீர்த்தத்துக்கு எங்கே போகணும்னு தெரியும்ப்பா."

"பஞ்சுல நனைச்சு உதட்டுல தொட்டு வைக்கறேன் சார், நானே செய்யறேன்."

"நீ?" என்றார். பிறகு அவரே சங்கடப்பட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மாமி உள்ளே இருந்து சொன்னாள். "அண்ணா, சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோ. வசந்தா வந்துடட்டும்."

"நான் என்னடி கொல்லவா வந்திருக்கேன்? இன்னிக்குத் திருநாடு போறவாளுக்கு வாசல் தெறந்து கெடக்கு. எத்தனை பேருக்கு வாய்க்கும் இந்த நாள்? ஒரு வாய் தீர்த்தம் இல்லாம அவர் போயிட்டார்னா அப்பறம் நீயும் நானும் உக்காந்து அழுதா ஆச்சா?"

திருநாடு என்றால் அவர்கள் பேச்சில் வைகுண்டம். மாமி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு, "மோட்சம் வேண்டாம்னு நான் சொல்லலே. பொண்ணைப் பாத்துட்டுப் போகட்டும்," என்றாள். அவர் செம்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

உச்சிப்பொழுது நெருங்கும்போது அவரை மல்லாக்கப் படுக்க வைத்து உடம்பு துடைத்து முடித்தேன். அடுத்து புரட்ட வேண்டிய நேரம், ஆனால் பெட்பேனைக் கழுவியாக வேண்டும். கூடத்தில் திருவாராதனம், அதாவது பெருமாள் பூஜை, நடந்துகொண்டிருந்தது, ஆகையால் நான் அந்த வழியாகப் போகக்கூடாது. அறையின் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சந்து, சந்து கடைசியில் கிணறு. அப்படிப் போய்த் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று சொல்ல முடியாது. இருமச் சக்தி இல்லாதவர் இரும முயலும்போது ஒரு களகளப்பு வரும், வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், அதைக் கேட்டால் கால் தானாக ஓடும்.

வாளியை அப்படியே விட்டு ஓடினேன். பக்கக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மடி நேரத்தில் தெருக்கூட்டம் சந்து வழியாக உள்ளே வந்துவிடக்கூடாது என்று மாமி வழக்கமாகப் போடும் தாழ், நான் வெளியே இருப்பதை நினைக்காமல் கை பழக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன். "மாமி, தெறங்க, மாமி" என்று கத்தினேன். வீதியில் கோவிந்தா சத்தம். உள்ளே அந்தக் களகளப்பு ஒரு தடவை கேட்டது, இன்னொரு தடவை கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. நின்றதுதான் என்னை உறையவைத்தது. வசந்தா இந்நேரம் எந்த ஸ்டேஷனில் இருப்பாள் என்று ஒரு சம்பந்தமில்லாத எண்ணம் ஓடியது. மாமி வந்து தாழை நீக்கினாள். அவளைத் தொடாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

வரதராஜன் சார் இடது பக்கமாக, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைக்கு அடியில் இருந்த தலையணை முழங்கால்களுக்கு நடுவே இருந்தது. செத்த வலது கை மடித்த போர்வையின் மேல் இருந்தது. குனிந்து எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் கன்னத்துக்கு அடியில் ஒரு துவாலை, ஜன்னலில் நான் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்று. வாயில் இருந்து தண்ணீரும் கோழையும் அதில் வடிந்திருந்தது, ஒரு துளசி இலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. உதட்டோரம் இன்னும் நீலம் பாரித்திருந்தது. ஆனால் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் இருந்ததைவிடச் சத்தம் குறைந்து ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டும் நோயாளியை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அது அத்தனையும் செய்யப்பட்டிருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் சடகோபன் சார் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் செம்பு, ஒரு கையில் உத்தரிணி.

"யார் சார் புரட்டினது?" என்று கேட்டேன்.

"நான் தொடலே," என்றார்.

"நீங்க தொட்டா தப்பில்ல சார், நல்ல காரியம்தான் செஞ்சிருக்கீங்க. எப்படிப் புரட்டினீங்க?"

"நான் தொடலேப்பா. ஒரு உத்தரிணி விட்டேன். புரையேறித்து. கண்ணு மேல போயிடுத்து. எனக்குக் கையும் ஓடலே, காலும் ஓடலே. கண்ணை மூடிண்டு பெருமாளைக் கூப்டேன். தெறந்தா இப்படி இருக்கார்." பிறகு மெதுவாகக் கேட்டார், "நீ வரலையா? நீதான் வந்துட்டேன்னு நெனச்சேன்."

நான் வாயை மட்டும் துணியால் துடைத்துவிட்டு, நாடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். மனது பெருச்சாளியைத் தேடியது. மாமி கூடத்தில் இருந்தாள், அங்கிருந்துதான் என் சத்தம் கேட்டு வந்தாள். வேறு ஆள் வீட்டில் இல்லை. தானாகப் புரண்டிருப்பார் என்றால், இடது பக்கம் புரள வலது காலை வீசிப் போட வேண்டும், அந்தக் கால் செத்து ஒரு மாதம் ஆகிறது. வலிப்பில் உடம்பு முறுக்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், வலிப்பு வந்தவர் ஜன்னலில் இருந்து துவாலை எடுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்வாரா. ஆக சடகோபன் சார்தான், மடி கலைந்தது தெரியக்கூடாது என்று பொய் சொல்கிறார். இந்த முடிவுக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் அந்தப் பள்ளங்களைப் பார்த்தேன்.

நீர் கோத்த உடம்பில் விரல் பதிந்தால் பள்ளம் நிற்கும் என்று சொன்னேனே. மேற்கையிலும் தொடையிலும் பள்ளங்கள் இருந்தன. யாரோ அழுந்தப் பிடித்த கை. அறைப் பக்கம் நின்று அவரைச் சுவரை நோக்கிப் புரட்டினால் நாம் முதுகுப் பக்கம் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவோம், விரல் நுனி முன்பக்கம் திரும்பியிருக்கும். இங்கே அப்படி இல்லை. நான்கு விரல் பள்ளமும் முதுகுப் பக்கம் கொக்கி போட்டிருந்தன. கட்டைவிரல் முன்பக்கம், சுவரைப் பார்த்து. கைக்கும் அப்படித்தான், தொடைக்கும் அப்படித்தான். தள்ளிய கை அல்ல, இழுத்த கை. எதிர்ப் பக்கத்தில் நிற்பவர் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே, தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. எதிர்ப் பக்கத்தில் சுவர்தான் இருந்தது.

என் கையை அந்தப் பள்ளங்களின் மேல், தொடாமல், வைத்துப் பார்த்தேன். அந்த மாதிரிப் பிடிக்க என் முழங்கை சுவருக்குள் இருக்க வேண்டும்.

மாமி நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். "அது என்னப்பா தழும்பு?"

"நீர் கோத்த உடம்பு மாமி. அழுத்தினா பள்ளம் விழும்."

"யார் அழுத்தினா?"

நான் மறுபடி நாடியைப் பிடித்தேன். அவளும் அங்கேயே நின்றாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளங்கள் ஒவ்வொன்றாக மேடு தட்டி மறைந்தன. கட்டைவிரல் பள்ளம்தான் கடைசியாகப் போயிற்று. சடகோபன் சார் அதற்குள் கூடத்துக்குப் போய்ப் பெருமாள் முன்னால் விழுந்து கிடந்தார். அன்று முதல் அவர் எல்லோரிடமும் பெருமாளே வந்தார் என்று சொன்னார், அவருக்கு அதில் சந்தேகம் வரவே இல்லை. எனக்கு அப்படி ஒரு முடிவு கிடைத்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சடகோபன் சார் மறுபடி வந்துவிடுவாரோ என்று பயம். வீதியில் ஒவ்வொரு சத்தத்துக்கும் வசந்தா வந்துவிட்டாளா என்று மாமி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது, இதை மாமியிடம் எப்படிச் சொல்ல முடியும், அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கவே எனக்குக் கை வரவில்லை. மல்லாக்கவும் அறைப் பக்கமுமாகவே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் வசந்தா வந்தாள். ஸ்டேஷனில் இருந்து வண்டி கிடைக்காமல், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நடந்தே வந்திருந்தாள். செருப்பு ஒன்று இல்லை. மாமி அப்போது மடியை மறந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் மண்டி போட்டு, "அப்பா, வசு வந்திருக்கேன்ப்பா," என்றாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். ஒரு மாதமாக எதையும் பார்க்காமல் திறந்து மூடிய கண்கள், அன்று அவள் முகத்தில் வந்து நின்றன. இடது கை மெதுவாக எழுந்து அவள் தலையைத் தேடியது. எட்டவில்லை. அவளே தலையைக் கொண்டுபோய் அந்தக் கைக்கு அடியில் வைத்தாள். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பீரோப் பக்கம் திரும்பி ஏற்கெனவே மடித்த துணிகளை மறுபடி மடித்தேன்.

விளக்கேற்றிய பிறகு, "நானும் செய்யறேனே, எனக்குக் காட்டிக் குடுங்கோ," என்று வசந்தா கேட்டாள். இனிமேல் சுவர்ப் பக்கம் திருப்பாமல் முடியாது, இரண்டு பக்கமும் மாற்றாததால் வலது இடுப்பு சிவந்துகொண்டிருந்தது. அவளைத் தோளருகில் நிற்கவைத்தேன். நான் இடுப்பருகில். "கையை மட்டும் வெச்சுட்டு இருங்க, அவரு ரொம்பக் கனம், நான் சொன்னதும் ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளணும்," என்று சொல்லிவிட்டு, கீழே விழுந்திருந்த தலையணையை எடுக்கக் குனிந்தேன். நிமிரும்போது அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

வசந்தா கையை அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"கையைத்தான் வெச்சேன். கனமே இல்லையே," என்றாள். "அப்பா இவ்வளவு இளைச்சுட்டாரா?"

காலையில் அந்த உடம்பைப் புரட்ட நான் மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது. "ஆமாங்க, கொஞ்சம் இளைச்சுட்டாரு," என்றேன். வேறென்ன சொல்வது. மாமி என்னைப் பார்த்தாள், நான் மாமியைப் பார்த்தேன், இருவரும் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அவர் அன்று போகவில்லை. பொங்கலுக்கும் போகவில்லை. நீர் வற்றியது, மூச்சு தெளிந்தது, பங்குனி வாக்கில் குழாயை எடுத்துவிட்டுக் குழைந்த சாதத்தை உட்காரவைத்தே ஊட்ட ஆரம்பித்தோம். இதையெல்லாம் டாக்டர் ஒரு ஆச்சரியமாகச் சொல்லவில்லை, சில பேருக்கு இப்படித் திரும்பும் என்றார், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். உருப்படியாகச் சில வார்த்தைகள்கூட வந்தன. இடது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றித் தன்னைத்தானே கொஞ்சம் நகர்த்திக்கொள்ளவும் பழகினார். அப்படி நகரத் தெரிந்ததும் அவர் செய்தது என்ன தெரியுமா, அறைப் பக்கம், கட்டிலின் விளிம்புக்கே வந்து படுத்துக்கொண்டார். நாங்கள் நடுவுக்குத் தள்ளிவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி விளிம்பில் இருப்பார். சுவர்ப் பக்கம் ஒரு முழ இடம் காலியாகக் கிடக்கும்.

"ஏன்னா, விழுந்து வெக்கப் போறேள். உள்ளே தள்ளிப் படுங்கோளேன்," என்று மாமி சண்டை போடுவாள்.

"இடம் வேணுமோல்லியோ," என்பார். அவருக்குத் திக்காமல் வந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

யாருக்கு என்று மாமி ஒரு தடவையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. விழாமல் இருக்க ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து விளிம்போடு சேர்த்துப் போட்டேன். கொஞ்ச நாளில் மாமி சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டாள். ஒரு திங்கட்கிழமை காலையில் நான் போனபோது, சுவரை ஒட்டிய அந்தக் காலி இடத்தில் புதிதாக ஒரு தலையணை இருந்தது. அவருடைய தலையணைக்கு அருகில், அதே மாதிரி வெள்ளை உறை போட்டு. மாமி அடுப்படியில் இருந்து வெளியே வரவே இல்லை.

அந்த வாரம் முழுவதும் அந்தத் தலையணையை யாரும் தொடவில்லை, அவர் தலை அந்தப் பக்கம் போனதே இல்லை, பகல் முழுவதும் அருகில் இருந்தவன் நான். சனிக்கிழமை விரிப்பு மாற்றும் நாள். இரண்டு உறைகளையும் கழற்றித் துவைக்கப் போட்டேன். இரண்டும் ஒரே அளவு அழுக்காக இருந்தன.